ஆனைக்காவில் வழிபட்ட யானையும் கட்டுத்தறியில் நிற்கும் யானையும்

உயிர்கள் எண்ணில என்பதும், அவை அனாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டு கிடந்தன என்பதும், அப்பிணிப்பு நீங்குதற்பொருட்டு முதல்வன் தனு கரண புவன போகங்களைத் திருவருளாற் கூட்டுவிக்கின்றான் என்பதும் இவ்விதழைப் பயிலும் மெய்யன்பர்கட்கு யாம் எடுத்து மொழிய வேண்டுவன அல்ல. அத்துணிபினுள் அடங்கிக் கிடக்கும் ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். எறும்பினுடம்பில் நின்று அறியும் உயிரும், யானையினுடம்பில் நின்று அறியும் உயிரும், மடத்தில் அமர்ந்து சிவஞானபோதம் பாடங்கேட்கும் உயிரும் உயிராந்தன்மையில் தம்முள் வேறல்ல. கருவிகள் விளங்கும் அளவே வேறு. இதனை நாவால் ஒப்பாத சைவர் ஒருவரும் இலர். நடையில் ஒப்புகின்றோமா என்பதே வினா.

வினா எழும் இடம் தொலைவில் இல்லை. நம் திருக்கோயில்களின் முன்வாயிலிலேயே அது நின்றுகொண்டிருக்கின்றது. நெற்றியில் திருநீற்றுக் குறி, கழுத்தில் மணி, காலில் சங்கிலி. வழிபட வந்தார் நாணயத்தை நீட்ட, அதனைத் துதிக்கையால் வாங்கிப் பாகன் கையிற் சேர்க்கின்றது; பின்னர் அத்துதிக்கையை அவர் தலைமேல் வைத்தெடுக்கின்றது. சிலவிடத்து முன்காலை மடித்து வணங்குகின்றது. சிலவிடத்து வாயால் ஊதும் இசைக்கருவியைத் துதிக்கையாற் பற்றி ஊதுகின்றது. "எத்துணை அறிவு!" என்று கண்டார் வியக்கின்றனர். அவ்வியப்புப் பொய்யன்று. ஆயின் அறிவு உண்மையாயின், அவ்வறிவை இச்செயல்கட்கு வளைத்த முறை யாது, அம்முறை சைவ நன்னெறிக்கு ஒக்குமா என்று வினாவுதலும் நம் கடனாகின்றது. அறிவில்பொருளைப்பற்றி இங்ஙனம் வினாவ வேண்டுவதில்லை. கல்லை உடைத்தவனைக் கல்லின்பொருட்டு யாரும் வினாவார்.

யானையின் அறிவை முதற்கண் நோக்குவாம். தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாக வகுத்தோதுமிடத்து, மக்களுக்கேயுரியதென நாம் செருக்கும் ஆறாம் அறிவு விலங்கினுள்ளும் ஒருசாரனவற்றுக்கு உண்டென்பது பெறப்படுகின்றது. அவ்வொருசாரனவற்றுள் யானையையும் எண்ணினர் உரைகாரர். மேல்நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட்டு என்னும் தத்துவநூலார் விலங்குகளைப் பொறி என்றே துணிந்தார். அந்நாட்டறிஞர் தாமே இந்நாளில் ஆராய்ந்து அத்துணிபினின்றும் நெகிழ்ந்து வருகின்றனர். நம் முன்னோர் நூலில் எழுதி வைத்ததை அவர்கள் கயிறும் கண்ணாடியுங் கொண்டு காண்கின்றனர்.

கயிறு என்றது உவமையன்று. தாய்லாந்து நாட்டில் நிகழ்ந்து 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், உணவு வைத்த பலகையொன்றை ஒரே கயிற்றின் இரு நுனிகளையும் இரண்டு யானைகள் ஒருங்கே இழுத்தாலன்றி அணுகச் செய்தல் இயலாதபடி அமைத்தனர். ஒன்று மட்டும் இழுப்பின் கயிறு கழன்று போம். முன்னர் விடப்பட்ட யானை, துணையானை வருமளவும் கயிற்றை இழுக்காது காத்து நின்றது. இளையதொன்று கயிற்று நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு இழுக்கும் உழைப்பு முழுதையும் துணையின்பால் விட்டு உணவில் மட்டும் பங்கு கொண்டது. இத்திறம் மக்களிடத்தும் அரிதன்று!

கண்ணாடியாவது, நியூயார்க்கு நகரத்து விலங்குக்காட்சிச் சாலையில் 2006-இல் ஆராய்ந்து கண்டது. மூன்று பிடிகளின் நெற்றியில் குறியிட்டுப் பெரிய ஆடியின் முன் விட்டனர். அவற்றுள் 'ஹாப்பி' என்னும் பெயரியது ஆடியிற் கண்ட குறியைத் தன் நெற்றியிலே தடவிப் பார்த்தது. ஆடியிற் காண்பது பிறிதொரு யானையன்று, தானே, என்று அது தெளிந்ததென்பர். இதனை ஆன்ம தரிசனமென யாம் கூறோம். நாள்தோறும் ஆடிமுன் நிற்கும் நம்முள் அத்தரிசனம் பெற்றார் எத்துணைவர்? ஆயினும் 'நான்' என்னும் உணர்வு அவ்வுடம்பினுள்ளும் விளங்குகின்றதென்பதற்கு இது சான்றாம். அப்பிடியின் விடுதலைபற்றிய வழக்கு அம்மாகாணத்து உயர்முறைமன்றம்வரை சென்று, 2022-இல் ஐவர் எதிராகவும் இருவர் சார்பாகவும் நின்று தள்ளுண்டது. சட்டத்தின்கண் 'ஆள்' எனப்படுவார் யார் என்று அம்மன்றம் ஆராய்ந்தது. சித்தாந்திக்கு அவ்வாராய்ச்சி வேண்டா. பசு என்னும் சொல்லே அவனுக்குப் போதும்.

யானைகள் மக்கள் செவிக்கெட்டாத தாழ்ந்த ஒலியால் தம்முள் உரையாடுகின்றன என்பது 1984-இல் அறியப்பட்டது. தென்கொரியாவில் 'கோசிக்' என்னும் களிறு துதிக்கையை வாயினுள் இட்டு, அந்நாட்டு மொழியில் வணக்கம், இரு, படு, இல்லை, நன்று எனப் பொருள்படும் ஐந்து சொற்களை மக்கள் குரல்போல ஒலித்ததை 2012-இல் அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டனர். இதனைக் கேட்டு மகிழ்வார் அதன் காரணத்தையும் கேட்டல் வேண்டும். இளமையில் ஏறத்தாழ ஐந்தாண்டு அக்களிறு தன் இனம் ஒன்றும் அருகின்றி மனிதரோடு மட்டுமே வைகிற்று. உறவு வேண்டியே அவர் குரலைக் கற்றது போலும் என்பது அவர்கள் கருத்து. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென நம் நூல்கள் கூறும். சார்தற்கு யானை இன்மையின் அவ்வுயிர் தன்னைச் சிறைசெய்தாரையே சார்ந்தது. கூட்டமாய் வாழ்வது யானையின் பிறவியியல்பு. மூத்த பிடியொன்றன் பின்னே தாயும் மகளும் தங்கையுமாய்த் திரிவது. நம் திருக்கோயில்களில் நிற்பனவோ பெரும்பாலும் பிடிகள். அவையும் தனித்து நிற்பன. இஃது ஈண்டு நினைக்கற்பாலது.

இனி, பயிற்றும் முறை. உரோமாபுரியிற் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்பார் யானைகளைப்பற்றி எழுதிய பகுதியில் ஒரு செய்தி உண்டு. பாடம் விரைவிற் பற்றாத யானையொன்று பலகாலும் அடியுண்டது. பின்னர் இராக்காலத்து யாருமில்லாதபோது அது தானே அப்பாடத்தைச் செய்து பழகுவதைக் கண்டனர் என்பதே அது. யானையின் அறிவுக்குச் சான்றாக அவர் அதனை எழுதினார். யாம் அதனை இருமுறை படிக்க வேண்டியதாயிற்று. அவ்விரவிற் பயின்றது அறிவு மட்டுமா? நாளை விடிந்தால் அடி விழும் என்று முன்னுணர்ந்து நடுங்கியதன்றோ அது? நாளையை நினைத்தல், நினைந்து அஞ்சுதல், அஞ்சித் தன்னைத் தானே திருத்துதல் என்னும் இவையெல்லாம் அந்தக்கரணம் விளங்கியவிடத்தன்றி நிகழா. அறிவு மிக்கதாகலின் எளிதிற் கற்கும். அறிவு மிக்கதாகலின் அச்சமும் மிகும். கற்பிப்பவன் இவ்விரண்டனையும் ஒருங்கே அறிந்துகொண்டு பின்னதைக் கொண்டு முன்னதை வேலைவாங்குகின்றான்.

அதே உரோமாபுரியில் கி.மு. 55-இல் பொம்பேயு என்னும் படைத்தலைவன் எடுத்த விழாவில் யானைகளைப் படைக்கலம் ஏந்தியவரோடு பொருவித்துக் கொன்றனர். தப்ப வழியின்றி அவை அவையோரை நோக்கி இரங்கி நின்ற நிலை கண்டு, இரத்தம் காண வந்த அம்மக்களே எழுந்து அழுது தலைவனை வைதனர். அவ்விழாவை எழுதிய சிசரோ என்பார், அவ்விலங்கிற்கும் மக்களினத்திற்கும் ஏதோவொரு தொடர்புண்டு என்னும் எண்ணம் அன்று அனைவர்க்கும் எழுந்தது என்றார். சிவாகமம் கேளாதாரிடத்தும் அவ்வுணர்வு தோன்றிற்று.

நம் நாட்டு முறை தொன்மையானது. கௌடலியரின் அருத்தசாத்திரம் யானையைப் பிடிப்பதும் பழக்குவதும் விரித்தோதுகின்றது. ஆயினும் கன்றையும் சூல்கொண்ட பிடியையும் பாலூட்டும் பிடியையும் பிடித்தலாகாது என்று விலக்கியிருக்கின்றது. போர்க்கு யானை தேடிய அரசநூலும் வைத்த அவ்வெல்லையைப் பிற்காலத்தார் காத்திலர். இளங்கன்றைத் தாயினின்றும் பிரித்துக் கனத்த மரங்களால் இயற்றிய கூண்டினுள் அடைத்துத் திரும்பவும் இடமின்றி நிறுத்தி, பசியும் தாகமும் உறக்கமின்மையும் அடியும் கூட்டி, அதன் விருப்பு முறிந்து ஒடுங்கியபின் ஒரு கையால் கரும்பு கொடுப்பதே பலவிடத்தும் வழக்காயிற்று. காதின் பின்புறமும் கால்நகத்து ஓரமும் போன்ற மென்மையான இடங்களைத் தோட்டியின் கொக்கி அறியும். முல்லைப்பாட்டில், பாசறை யானைகள் கரும்பையும் கதிரையும் உண்ணாது நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்க, இளம்பாகர் கவைத்த முள்ளுடைக் கோல்கொண்டு வடசொற்களைப் பலகாற் கூறிக் கவளம் ஊட்டிய காட்சியைக் காண்கின்றோம். உண்பதற்கும் கோல் வேண்டியிருந்தது! யானையைக் கொண்டே யானையைப் பிணித்தலைத் திருவள்ளுவர் அரசர்க்கு உவமை காட்டினார்; இன்றும் 'கும்கி' எனப்படும் பழகிய யானையே காட்டானையைத் தளையிட வருகின்றது. தளைப்பட்டதே தளைப்படுத்தும் கருவியாவதை, மலம் மலத்தை வளர்ப்பதற்கு உவமையாகப் பாடஞ்சொல்வார் எடுத்துக்கொள்ளலாம்.

பாகரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் மலசர், குறும்பர் முதலிய குடியினர் தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்து, தாம் உண்ணுமுன் அதற்குக் கவளம் ஊட்டுதலைக் கண்டார் பலர். அடித்த கையே நோயில் மருந்திட்டு இரவெல்லாம் விழித்திருத்தலும் உண்டு. எனினும் 2021-இல் தேக்கம்பட்டியில் நடந்த புத்துணர்வு முகாமில் திருக்கோயில் யானையொன்றைக் கட்டிவைத்து அடித்த காட்சி வெளிப்பட்டதும், 2024 நவம்பரில் திருச்செந்தூர்த் திருக்கோயிற் பிடி தன் பாகரையும் அவருடைய உறவினர் ஒருவரையும் கொன்றதும் நாடறிந்தன. பின்னதை மதம் என்று கூறித் தப்புதற்கில்லை, பிடிக்கு மதமில்லை. மற்றொன்றும் கூறவேண்டும். தறியில் நிற்கும் யானை தலையையும் துதிக்கையையும் ஓயாது அசைத்தலைக் கண்டு, நாதசுரத்தைச் சுவைக்கின்றதென்று அன்பர் மகிழ்வர். கானகத்து யானையிடம் அவ்வசைவு காணப்படுவதில்லை. இடமும் துணையும் செயலும் இழந்த உள்ளத்தின் நோய்க்குறி அது என்று விலங்கு மருத்துவர் கூறுகின்றனர். நோயை நடனமென்று கண்டோம்.

இவ்விடத்துச் சைவர் இருவகைத் தடை எழுப்புவர். "யானை படுந்துன்பம் அதன் பிராரத்தம், ஊட்டுவிப்பான் முதல்வன், பாகன் கருவியே" என்பது ஒன்று. இத்தடை வலியுடைத்தாயின் கொலைஞனும் கள்வனும் இதனையே கூறித் தப்புவர். யானை நுகர்வது பிராரத்தமே ஆகுக. நுகர்விக்க எழுந்த கைக்கும், அக்கையை ஏவிய உடையானுக்கும் ஏறுவது ஆகாமியம். ஒரு நிகழ்ச்சியே ஓருயிர்க்குக் கழிவும் மற்றோருயிர்க்கு வரவுமாம் என்பதை மறந்தவரே இத்தடை கூறுவர்.

மற்றையது இத்துணை எளிதன்று. "திருமறைக்காட்டில் எலியொன்று நெய்யுண்ண வந்து தன்னையறியாது விளக்கைத் தூண்டியது, அச்சிவபுண்ணியத்தால் மாவலியாய்ப் பிறந்தது. அங்ஙனமே திருமஞ்சன நீர் சுமக்கும் யானையும் தன்னையறியாத புண்ணியம் பெறாதோ? கானிற் கிடந்தால் அதற்கு இப்பேறு கிட்டுமோ?" என்பது. கிட்டாது என்றே யாமும் கொள்கின்றோம். திருமஞ்சனக் குடத்தைச் சுமந்த யானைக்கு அது வீண்போம் என்று கூற எமக்குத் துணிவில்லை. ஆயின் இரண்டு கருதல் வேண்டும். எலியை யாரும் கட்டி இழுத்து விளக்கருகே நிறுத்தவில்லை. அதன் இச்சை உணவின்மேற் சென்றது; செயல் விளக்கின்மேற் சென்றது; இரண்டும் அதனுடையனவே. உயிர்க்கு இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் உரியன. கோலுக்கு அஞ்சித் தூக்கிய துதிக்கையில் செயல் மட்டுமே யானையினுடையது, இச்சை பாகனுடையது. இரண்டாவது, திருமஞ்சனம் சுமத்தல் ஒருநாட் சிறுபொழுது. நாணயம் வாங்குதலோ நாள் முழுதும். தெருத்தோறும் கடைதோறும் இரக்க நிறுத்திய யானைக்கு எச்சிவபுண்ணியத்தைக் கணக்கெழுதுவது?

திருவானைக்காவை நினைமின். நாவல்நீழலில் வீற்றிருந்த பெருமானுக்குத் துதிக்கையால் நீர் முகந்து ஆட்டி மலர் தூவி வழிபட்ட யானைக்குப் பாகன் இல்லை, தோட்டி இல்லை, 'தூக்கு' என்று ஏவுவார் இல்லை. அங்கே சிலந்தி இயற்றிய நூற்பந்தரைத் தூய்மையன்று எனக் கருதி அது அழித்தது; சிலந்தியோ அது நிழல் எனக் கருதி இயற்றியது. இருவர்க்கும் பிழை நேர்ந்தது, பிழைசெய்தற்கும் இடமிருந்தது. தானே அறிந்து தானே விரும்பித் தானே செய்த வழிபாடு ஆதலின் அது வழிபாடாயிற்று. நம் கோயில் வாயிலிற் பிழையின்றிச் செய்யும் யானையிடம் அப்பெயர் பொருந்துமோ?

நாவுக்கரசர் வரலாறு இதனினும் கூரியது. சமணர் சொற்கேட்ட பல்லவன், கொல்லப் பழக்கிய யானையை அவர்மேல் ஏவினான். அது அவரை வலம்வந்து வணங்கிற்று. பாகர் தோட்டியால் உறுத்தி மீண்டும் அவரையே காட்ட, காட்டிய பாகரை எறிந்து கொன்று, ஏவினார்மேலே திரும்பிற்று. திருவருளால் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. அத்திருவருள் ஒரு கல்லை எழுப்பி வணங்குவிக்கவில்லை. பயிற்சியின் அடியில் அழுந்திக்கிடந்த யானையின் அறிவையே விளக்கிற்று என்று கொள்ளுதல் பொருத்தமாம். பழக்கிய கையினும் பெரிதாக ஒன்று அவ்வுடம்பினுள் இருந்ததென்பதைச் சேக்கிழார் நமக்குக் காட்டினார்.

யானையை உடையார் நிலைக்கு எறிபத்தர் வரலாற்றையே காட்டுவேம். கருவூரில் சிவகாமியாண்டார் கொணர்ந்த பூங்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்த, எறிபத்தர் யானையையும் பாகரையும் எறிந்தார். செய்தி கேட்டு வந்த புகழ்ச்சோழர் யானையைப் பழித்திலர், பாகரைப் பழித்திலர். இக்குற்றத்திற்கு அவற்றை மட்டும் கொன்றது போதாது, உடையானாகிய என்னையும் கொல்லல் வேண்டும் என்று தம் வாளை நீட்டினார். இந்நாளில் யானை பிழைசெய்யின் பாகர் பணிநீக்கம் பெறுகின்றார். வாள் நீட்டுவார் யாரையும் கண்டிலேம்.

உலகம் இவ்விடயத்திற் சிறிது முன்னடந்திருக்கின்றது. அமெரிக்க நாட்டுப் பெருஞ்சர்க்கசுக் குழுவாகிய ரிங்லிங் சகோதரர் குழு 2016 மே மாதத்தில் யானைகளை ஆட்டத்தினின்றும் நீக்கிற்று. இந்திய அரசு 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்பவற்றை ஆட்டங்காட்டப் பழக்குதலைத் தடுத்தது. யானை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை 2023-இல், கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை கொள்ளுதலாகாது என ஆணையிட்டது. அவ்வாண்டே சேரநாட்டில் திருச்சூரையடுத்த கண்ணன் கோயிலொன்றில், இரும்புச் சட்டத்தின்மேல் இரப்பர் போர்த்த பொறியானையை விழாவிற்கு நிறுத்தினர். அதுவும் தலையசைக்கின்றது, துதிக்கை தூக்குகின்றது. இதனைச் சிலர் நகைத்தனர். யாம் நகைத்திலேம். கட்டுத்தறி யானையிடம் நாம் வேண்டியது அச்செயல்கள் மட்டுமேயாயின், சடமாகிய பொறி அவற்றைக் குறைவறச் செய்கின்றது. "இல்லை, அதனுள் உயிரில்லையே" என்பாராயின், உயிர் வேண்டுமென்று கொண்டவர் அவ்வுயிரின் இச்சைக்கு இதுகாறும் தந்த இடம் யாது என்று விடைகூறல் வேண்டும்.

விநாயகப் பெருமான் திருக்கையில் அங்குசம் உண்டு என்பாரும் உளர். உண்டு; யானைமுகத்தான் கையில் உண்டு. யானையின் தலைமேல் இருப்பவன் கையிலன்று. அங்குசத்தால் அடக்கற்பாலது யாதென்பதை ஐம்பொறிகளை யானையாக்கி உரத்தைத் தோட்டியாக்கிய திருவள்ளுவர் முன்னரே தெளிவித்தார்.

இப்பொழுது மடங்களிலும் கோயில்களிலும் உள்ள யானைகளைக் கானகத்திற் கொண்டு விடுதல் பெரும்பாலும் ஆகாது. இளமையிலேயே பிரிந்தவை கானில் இரைதேடவும் கூட்டத்திற் சேரவும் அறியா. ஆதலின் அவற்றை உடையார் செய்யற்பாலன சில உள. கருங்கல்லும் சிமிட்டியும் விரித்த தளத்தில் நிற்கும் கால்கள் வெடித்துச் சீழ்கொள்ளும். மண்தரையும் நீர்நிலையும் நடக்க இடமும் அவற்றிற்கு வேண்டும். தனித்து நிற்பனவற்றைக் கூடுமானால் இரண்டு மூன்றாக ஓரிடத்துச் சேர்த்து வைத்தல் வேண்டும். நான்கு மடங்கள் தம்முள் ஒத்துக்கொண்டால் ஒரு தோப்புப் போதும். மருத்துவத்திற்காகக் காலைத் தூக்கவும் வாயைத் திறக்கவும் வெல்லமும் பழமும் கொடுத்தே பழக்கலாம் என்பது இந்நாளில் பலவிடத்துக் கைகண்ட முறை. கொக்கியை அகற்றுதல் இதனால் இயலும். நாணயம் வாங்குதலையும் தலைதொட்டு வாழ்த்துதலையும் அடியோடு நிறுத்துதல் வேண்டும். அந்நாணயத்தைக் கொண்டே பாகர் குடும்பம் வாழும் இடங்கள் உண்டாகலின், நிறுத்துமுன் அவர் மாதச் சம்பளத்தை அவ்வளவிற்கு உயர்த்திக் கொடுப்பதைத் திருமடத்துக் கணக்கில் முதல் இனமாக எழுதுக.